‘பார்க் ஃபேசிங்’ மனை பார்க்கப் போன கதை

தம்பி இடம் பார்க்கிறான் என்றால் டேப்போடு கூடப் போவது நான்தான். இருபத்திரண்டு வருடம் ஒரு இன்ஜினீயர் ஆபீசில் பிளான் வரைந்தவள். இந்த முறை கூடுவாஞ்சேரியிலிருந்து நெல்லிக்குப்பம் போகிற சாலையில் உள்ளே தள்ளி, மூன்று ஏக்கரில் வரப்போகும் ஒரு மனைப்பிரிவு. கம்பெனி பெயர் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். லேஅவுட் போட்டவர் தொழில் தெரிந்தவர். முட்டுச்சந்து இல்லை, கார்னர் மனைகளில் முனையை வெட்டி விட்டிருக்கிறார், கோணல் மனை ஒன்றுகூட இல்லை. வேனில் கூட்டிப்போய் மோரும் கொடுத்தார்கள்.

அப்புறம், மனைக்கு எதிரே பார்க் என்று ‘பார்க் ஃபேசிங்’ பெயரில் விற்கிறார்களே, அந்த பார்க். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில் ரோடு போக மிச்சத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். (அதற்குக் கீழே, ஆனால் 3,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால், இடம் விட வழியில்லாதபோது அதன் கைடுலைன் மதிப்பை, அதாவது அரசு நிர்ணயித்த மதிப்பை, பணமாகக் கட்டலாம்.) மூன்று ஏக்கர் என்பது 12,140 சதுர மீட்டர். ரோடு போக 8,500 என்று பிளானிலேயே இருக்கிறது. 850 விட்டால் போதும், பார்க் என்று 862 காட்டியிருக்கிறார்கள். காகிதத்தில் சரி.

நேரில் பார்த்தால் தெற்கு ஓரத்தில் கோவணம் மாதிரி ஒரு நீளத் துண்டு. குறுகிய முனையில் டேப் பிடித்தேன், நாலே மீட்டர். மார்ச் வெயிலிலும் செருப்பு புதைகிறது, கோரை இடுப்புயரம். “மழை பெய்தது மேடம்” என்றார் சேல்ஸ் பையன். எந்த வருடம் என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அரசு இணையதளத்தில் அந்த சர்வே எண்ணின் புலப்படத்தை, அதாவது அரசின் நில அளவை வரைபடத்தை, எடுத்தேன். ஸ்கேலை ஒன்றாக்கி, அதை ட்ரேசிங் பேப்பரில் வரைந்து, லேஅவுட்டின் மேல் வைத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். ஓரத்தில் தனி எண்ணோடு ஒரு வாய்க்கால் போகிறது. பார்க்கில் பாதிக்கு மேல் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. வாய்க்கால் புறம்போக்கு அரசு நிலம். இருக்கிற அரசு நிலத்தையே அரசுக்குத் தானம் எழுதப் பார்க்கிறார்கள்! இதற்குத்தான் ‘பார்க் ஃபேசிங்’ என்று சதுர அடிக்கு நூறு ரூபாய் கூடுதல்.

அணுகுசாலையும் அப்படித்தான். பிளானில் 9 மீட்டர். ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கும் இடத்தில் அளந்தால் 7.4.

“ரெரா அப்ளை பண்ணியாச்சு மேடம், இன்னிக்கு ஐம்பதாயிரம் டோக்கன் போட்டா மனையை பிளாக் பண்ணிடலாம்” என்றார் சேல்ஸ் பையன். ரெரா என்பது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். அதற்கான 2016 சட்டப்படி, மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் போனால், அங்கே பதிந்து பதிவு எண் கைக்கு வராமல் விளம்பரமே செய்யக் கூடாது, அப்புறம் என்ன புக்கிங்? கேட்டதற்கு, “எல்லாரும் இப்படித்தான்க்கா” என்று மேடத்திலிருந்து அக்காவுக்கு இறங்கினார்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். இரண்டும் லேஅவுட் போட்டவருக்கு. வாய்க்காலை விட்டு பார்க்கை நடுவில் கொண்டுவந்தால் நாலு மனை குறையும். அப்படித் திருத்தி, பதிவு எண்ணும் வாங்கிக் காட்டினால் மறுபடி வருகிறோம் என்று சொல்லியிருக்கிறேன். தம்பிக்கு அந்த இடத்தை விட மனசில்லை, ட்ரேசிங் பேப்பர் இன்னும் ஜன்னலில் இருக்கிறது.