ரிக்கா, ஆம்புலன்ஸா, கயிறா: ஹெலிகாப்டர் பைலட் எந்தப் பக்கம் போவது?

பயிற்சிப் பள்ளியில் சின்ன ராபின்சன் ஹெலிகாப்டரில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி பறந்த மணி நேரங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கும் பையன் ஒருவன் போன வாரம் கேட்டான்: "அண்ணா, ஆயிரம் மணி தாண்டினதும் எந்தப் பக்கம் போகட்டும்? ரிக், ஆம்புலன்ஸ், லாங்லைன், மூணுலயும் இருந்தவர் நீங்கதான்." இருந்தது உண்மைதான். மூன்று சீசன் கயிறு (லாங்லைன், அதாவது ஹெலிகாப்டருக்குக் கீழே நீண்ட கயிற்றில் சுமை தூக்குவது), ஏழு வருஷம் ரிக் (கடலில் இருக்கும் எண்ணெய் மேடை), இப்போது ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர். அவனிடம் போனில் அள்ளிக் கொட்டியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

சம்பளத்தையும் மெஷினையும் வைத்துத்தான் பெரும்பாலும் ஒப்பிடுவார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு. "இன்னைக்குப் போக வேண்டாம்" என்று சொல்வது அந்த வேலையில் யார் பொறுப்பு, சொன்னால் யாருடைய முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்? மூன்று வேலைகளும் பிரிகிற இடம் இதுதான். கையும் காலும் செய்வது மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே: இடக்கையில் ஏற்றி இறக்கும் கலெக்டிவ் நெம்புகோல், வலக்கையில் போகும் திசைக்குச் சாய்க்கும் சைக்ளிக் தடி, காலில் மூக்கைத் திருப்பும் பெடல்.

ரிக்கில் ஆரம்பிக்கிறேன். கடலில் நிற்கும் எண்ணெய் மேடைக்கு ஆட்களைக் கொண்டுபோய் விட்டு, ஷிப்ட் முடித்தவர்களை ஏற்றி வர வேண்டும். பஸ் ஓட்டுவது என்று மற்ற பைலட்டுகள் கிண்டல் செய்வார்கள். எஸ்-92 ரக ஹெலிகாப்டர் என்றால் 19 பேர் உட்காரலாம், ஏடபிள்யூ139 என்றால் ஒரு டஜன் பேர். இரண்டு பைலட், இரண்டு இன்ஜின், பெரும்பாலும் மேகத்துக்குள் இன்ஸ்ட்ருமென்ட் பறப்பு, அதாவது வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது. ஏறுகிற ஒவ்வொருவரையும் பையோடு தராசில் நிறுத்துவார்கள். அங்கே எடையை மறைக்க வழியில்லை.

இங்கே "வேண்டாம்" என்பது புத்தகத்தில் அச்சடித்து இருக்கிறது. மிதக்கும் கப்பலின் டெக் (ஹெலிகாப்டர் இறங்கும் தளம்) எத்தனை டிகிரி வரை சாயலாம், எவ்வளவு ஏறி இறங்கலாம், அவசரமாகக் கடலில் இறங்க நேர்ந்தால் அலை எந்த உயரம் வரை இருக்கலாம், எல்லாவற்றுக்கும் எண் உண்டு. எண் தாண்டினால் போவதில்லை, அவ்வளவுதான். மேடையில் இருக்கிற மேலாளர் முகம் சுளித்தாலும் உங்களைத் தனியாகப் பிடித்துக் கேள்வி கேட்க முடியாது. இந்த நிம்மதியின் அருமை ரிக்கை விட்டு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அதற்காக ரிக் வேலை தூக்கத்தில் செய்யக்கூடியது என்று எண்ண வேண்டாம். நிலவில்லாத இரவில் டெக்கை நெருங்குவதை ஒரு முறை பார்த்தால் போதும். சுற்றிலும் கன்னங்கரேல். நடுவில் பச்சை விளக்குகள் ஒரு வளையமாக மிதக்கும். அதற்கும் உங்களுக்கும் இடையில் தூரம் காட்ட எதுவுமே கிடையாது. மூக்கு ஒரு விரல் அளவு தூக்கினால் வேகம் எவ்வளவு குறைந்தது என்று கண் சொல்லாது, கருவிதான் சொல்லும். அப்போது பக்கத்து சீட்டில் இருப்பவர் வேகத்தை எண் எண்ணாக வாசிப்பது பாட்டு மாதிரி கேட்கும். அந்த வாசிப்பு விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு 2013 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் சம்பரோவில் நடந்தது சாட்சி. இறங்க வந்த சூப்பர் பியூமா ஹெலிகாப்டரின் வேகம் குறைந்துகொண்டே போனதை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. கடலில் விழுந்து நான்கு பயணிகள் இறந்தார்கள். ரிக் வேலையில் கை துருப்பிடிக்கும் என்பார்கள். என் அனுபவத்தில் முதலில் துருப்பிடிப்பது கண். ஆட்டோபைலட் அவ்வளவு நன்றாக ஓட்டும்.

பைலட் எதையும் தவறாகச் செய்யாமலே முடிந்துபோகிற நாளும் இருக்கிறது. 2016 ஏப்ரல் 29 அன்று நார்வேயின் துரோய் அருகே ஈசி225 ஹெலிகாப்டர் ஒன்றின் மெயின் ரோட்டரை (தலைக்கு மேல் சுழலும் இறக்கைகள்) சுழற்றும் கியர்பாக்ஸில் பல்சக்கரம் உலோகக் களைப்பால் உடைந்து, ரோட்டரே பிரிந்து போனது. அதில் இருந்த 13 பேரும் இறந்தார்கள். இத்தனைக்கும் அதிர்வை அளந்துகொண்டே இருக்கும் ஹம்ஸ் கருவி பொருத்திய மெஷின்தான். அன்று முதல் எங்கள் கேன்டீனில் இன்ஜினியர்களைக் கிண்டல் செய்வது கொஞ்ச காலத்துக்கு நின்றுபோனது.

அப்புறம் எண்ணெய் விலை. 2014-இல் அது சரிந்தபோது ரிக் பைலட் வேலை அரசு உத்தியோகம் மாதிரி என்று நம்பியிருந்த பலர் தெருவுக்கு வந்தார்கள். ரிக்குகளுக்கு ஹெலிகாப்டர் ஓட்டும் பெரிய நிறுவனங்களில் சிஎச்சி 2016-இலும் பிரிஸ்டோ 2019-இலும் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போயின. ரோஸ்டர் ஒழுங்காக இருக்கும், மாதம் பிறந்தால் சம்பளம் வரும், எல்லாம் சரி. ஆனால் அந்தச் சம்பளத்தின் நூல் எங்கோ ஒரு பீப்பாய் விலையில் கட்டியிருக்கிறது.

ஆம்புலன்ஸுக்கு வருகிறேன். இதில் பெரும்பகுதி வேலை சும்மா இருப்பது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் ஒரு அழைப்பும் வராத நாள் உண்டு. காலையில் மெஷினைச் சுற்றி வந்து சோதித்து, எரிபொருள் பார்த்து, வானிலை பார்த்து, ஹெல்மெட்டை இருக்கையில் தயாராக வைத்து, டீ குடித்து, மறுபடி வானிலை பார்த்து... திடீரென்று போன் அடிக்கும். சில நிமிடத்தில் மேலே இருக்க வேண்டும். இரவில் என்றால், ஆழ்ந்த தூக்கத்தில் இருந்த மூளையை அந்தச் சில நிமிடத்துக்குள் எழுப்பி, "போகலாமா" என்ற கேள்விக்குப் பதில் கேட்கிறார்கள். மூன்று வேலைகளில் "வேண்டாம்" என்று சொல்ல மிகக் கஷ்டமான இடம் இது.

அதனால்தான் நல்ல நிலையங்களில் நோயாளி யார் என்று பைலட்டிடம் சொல்வதில்லை. இடம், தூரம், திசை மட்டும் தருவார்கள். குழந்தை என்று தெரிந்தால் மேகம் கொஞ்சம் உயரமாகத் தெரியும், அதுதான் மனித இயல்பு. முதல் முறை இதைக் கேட்டபோது கல்நெஞ்சு ஏற்பாடாகத் தோன்றியது. ஒரு வருஷம் போனதும் கைகூப்பிக் கும்பிட்டேன். இன்னொரு ஏற்பாடும் உண்டு: ஏறும் மூவரில் (பைலட்டும் இரண்டு மருத்துவப் பணியாளர்களும்) ஒருவர் "எனக்குச் சரியாகப் படவில்லை" என்றால் போதும், பறப்பு ரத்து. போக மூவரும் சம்மதிக்கணும், நிற்க ஒருவர் போதும். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருவர் தயங்கித் தயங்கி அதைச் சொன்ன இரவு நினைவிருக்கிறது. நான் நன்றி சொல்லிவிட்டு இன்ஜினை அணைத்தேன். அந்தப் பெண் அரைமணி நேரம் கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்.

இத்தனை ஏற்பாட்டுக்கும் ஓட்டை உண்டு. மேகம் தாழ்ந்திருக்கிறது என்று ஒரு நிறுவனம் மறுத்தால், காரணத்தைச் சொல்லாமல் அடுத்த நிறுவனத்தைக் கூப்பிடுவார்கள். தொழிலில் இதை ஹெலிகாப்டர் ஷாப்பிங் என்போம். ஒரு முறை நான் மறுத்த அழைப்பை இன்னொருவர் எடுத்துப் போய், பாதி வழியில் கண்ணுக்கு எதுவும் தெரியாமல் திரும்பி வந்தார். அவருக்கும் எனக்கும் பழக்கம். மறுநாள், "நீ ஏண்டா ஒரு வார்த்தை சொல்லலை?" என்றார். என்னிடம் யாரும் கேட்கவில்லை என்பதுதான் பதில். அமெரிக்காவில் 2008-இல் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் விபத்துகளில் அதற்கு முன் எந்த வருஷமும் இல்லாத அளவு உயிர்கள் போயின. அதன் பிறகு 2014-இல் அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ விதிகளை இறுக்கி, தரையிலிருந்து உயரம் காட்டும் ரேடியோ ஆல்டிமீட்டர், நிலப்பரப்பு எச்சரிக்கைக் கருவி எல்லாம் கட்டாயம் என்றது.

இறங்கும் இடம் இன்னொரு கதை. ரிக்கில் டெக் அளந்து, வண்ணம் அடித்து, ஆள் நிறுத்தி வைத்திருப்பார்கள். இங்கே நெடுஞ்சாலை, பள்ளி மைதானம், வயல், எதுவும் வரலாம். கம்பியைத் தேடாதே, கம்பத்தைத் தேடு என்று முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்கள். மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது. இரண்டு கம்பம் தெரிந்தால் நடுவில் கம்பி இருக்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இரவில் நைட் விஷன் கண்ணாடி வழியே எல்லாம் பச்சையாகத் தெரியும், கம்பி மட்டும் அப்போதும் தெரியாது.

கயிறு. இதைப் பற்றி எழுதும்போது எனக்குக் குரல் மாறிவிடும், மன்னிக்கவும். ஹெலிகாப்டருக்குக் கீழே 150 அடி, சில நேரம் 200 அடிக் கயிறு, அதன் நுனியில் கொக்கி, கொக்கியில் சுமை. கருவிப் பலகையைப் பார்த்துப் பயனில்லை. கதவின் குமிழ்க் கண்ணாடி வழியாகத் தலையை வெளியே நீட்டி, நேர் கீழே பார்த்து ஓட்ட வேண்டும். மின்கோபுரத்தின் மேல்பாகத்தை அடிப்பாகத்தில் உட்காரவைக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். கோபுரத்தில் இரண்டு பேர் இடுப்புக் கயிற்றில் தொங்கியபடி காத்திருப்பார்கள். கீழிருந்து ரேடியோவில் குரல் வரும்: "பத்து... அஞ்சு... மூணு... ரெண்டு... ஒண்ணு... பிடி." ஒரு டன் இரும்பின் கால் இன்னொரு காலின் போல்ட் துளைக்கு நேராக ஒரு விரல் அகலத்தில் நிற்க வேண்டும். அங்கே இருப்பவரின் கை அந்த இடுக்கில்தான் இருக்கிறது.

சுமை ஆடத் தொடங்கினால் புதியவன் எதிர்ப்பக்கம் இழுப்பான், ஆட்டம் இரட்டிப்பாகும். அது போகிற பக்கமே நீங்களும் போய் அதன் தலைக்கு மேல் நின்றுவிட வேண்டும். இதை விளக்கி ஆகாது. ஐம்பது மணி நேரம் காலித் தகரப் பீப்பாயைத் தொங்கவிட்டுத் திட்டு வாங்கினால் வரும்.

ஏர்பஸ் எச்125 ஹெலிகாப்டரின் கொக்கி 1,400 கிலோ வரை தாங்கும். வெயில் ஏறினால், மலை உயர்ந்தால் அந்த எண் சுருங்கும். அதனால் எரிபொருளைக் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு, தூக்கிப் போட்டுவிட்டு வந்து, மறுபடி ஊற்றிக்கொண்டு போவோம். கயிற்றின் உயரத்தில் அசையாமல் நிற்கும்போது, கையேட்டின் உயரம்-வேக வரைபடத்தில் கோடு போட்டு நிழலாக்கிய பகுதிக்குள்தான் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறீர்கள். எங்கள் பேச்சில் அது டெட் மேன்ஸ் கர்வ். ஒற்றை இன்ஜின் அங்கே நின்றால் ஆட்டோரொடேஷனில் (இன்ஜின் இல்லாமல், காற்றே ரோட்டரைச் சுழற்ற இறங்குவது) தப்பிக்க உயரமும் போதாது, வேகமும் இல்லை. சுமையை உதறும் பொத்தான் கட்டைவிரலுக்கு அடியில் இருக்கிறது. ஆனால் அதற்கு நேர் கீழே அந்த இரண்டு பேர் இருக்கிறார்கள்.

"வேண்டாம்" இங்கே முழுக்க உங்களுடையது. புத்தகம் காற்றைப் பற்றி ஏதோ சொல்லும், ஆனால் ஒப்பந்தக்காரர் எதிரிலேயே நிற்கிறார். பன்னிரண்டு தொழிலாளர்கள் நாள்கூலிக்கு உட்கார்ந்திருக்கிறார்கள், உங்கள் சம்பளமே பறந்த மணிக்குத்தான். நான் வேலை பார்த்த ஒரு சின்ன நிறுவனத்தில், காற்றுக்காக நிறுத்திய அன்று மாலை என் மேசையில் "பயமா?" என்று எழுதிய சீட்டு இருந்தது. அந்த சீசன் முடிந்ததும் கிளம்பிவிட்டேன். எல்லா இடமும் அப்படி என்று சொல்ல மாட்டேன். அடுத்து போன இடத்தில் முதலாளியே பழைய கயிற்றுக்காரர். நான் மறுத்ததும் மறு பேச்சு இல்லாமல் சீட்டாட உட்கார்ந்துவிட்டார்.

உடம்புக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இடக்கை கலெக்டிவுக்காகக் கீழே, வலக்கை தொடைமேல், முதுகு கூனி இடப்பக்கம் சாய்ந்த அந்த உட்காருதல் எல்லா வேலையிலும் முதுகைத் தின்னும், அதோடு அதிர்வு. ரிக்கில் இம்மர்ஷன் சூட்டுக்குள் (கடலில் விழுந்தால் குளிர் தாங்கும் உடை) வேர்த்துக் கொட்டும். போதாததற்கு, கடலில் விழுந்தால் தப்பிக்கும் பயிற்சிக்காக அவ்வப்போது மாதிரி கேபினோடு குளத்தில் இறக்கித் தலைகீழாகப் புரட்டுவார்கள். ஒரு கை ஜன்னல் விளிம்பில், புரளல் நிற்கும்வரை பெல்ட்டைத் தொடக் கூடாது. மூக்கில் தண்ணீர் ஏறுவதை மறக்க ஒரு நாள் ஆகும். கயிற்றில் கழுத்து போகும். ஆம்புலன்ஸில் தூக்கம் போகும், சில முகங்களும் கூடவே வீட்டுக்கு வரும்.

சுற்றுலா, டிவி செய்தி, பணக்காரர் வண்டி இதெல்லாம் எங்கே என்று கேட்கலாம். சுற்றுலாவில் ஒரே மலையை ஒரு நாளில் பதினைந்து முறை சுற்றுவீர்கள். ஏறி இறங்கும் பழக்கத்துக்கு நல்லது, ஒரு வருஷத்துக்கு மேல் வேண்டாம். பணக்காரர் வண்டியில் அவர் விருந்து முடித்து வரும்வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் மூடுபனி இறங்கியிருக்கும். அங்கே "வேண்டாம்" சொல்வதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

பையனுக்கு நான் சொன்னது இது: கை வேகமாக இருந்து குடும்பம் இன்னும் இல்லையென்றால் முதலில் கயிறு, ஆனால் முதலாளி யார் என்று பார்த்துச் சேர். அங்கே கற்றதை வேறெங்கும் கற்க முடியாது. பிறகு ரிக்குக்குப் போய் இரண்டு பைலட் ஒழுங்கையும் இன்ஸ்ட்ருமென்ட்டையும் கற்றுக்கொள். ஆம்புலன்ஸ் கடைசியில். இரவு மூன்று மணிக்குத் தனியாக "வேண்டாம்" சொல்லிவிட்டு மறுபடி படுத்துத் தூங்க, மற்ற இரண்டிலும் கொஞ்சம் அடிபட்டிருக்க வேண்டும். ஆம்புலன்ஸிலிருந்து ரிக்குக்குப் போய் நிம்மதியாக இருப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

"கயிறு விட்டுப்போன பிறகு கை மறந்துடுமா அண்ணா?" என்றான். போன மாதம் சிமுலேட்டர் சோதனையில் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கச் சொன்னார்கள். நின்றேன். பரிசோதகர் சிரித்தபடி என் தோளைத் தட்டினார். சுவர் மட்டுமே இருந்த பக்கம் தலையை நீட்டிச் சாய்ந்து, கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.