மெய்ஜி ஜிங்குவா, நெசுவா?

டோக்கியோவில் ஜப்பானின் பாரம்பரிய மதமான ஷின்டோவின் ஒரே ஒரு கோயிலுக்குத்தான் நேரம் என்றால் நான் நெசுவைத்தான் சொல்வேன். பெரும்பாலோர் போவது மெய்ஜி ஜிங்குவுக்கு. இரண்டுக்கும் ஒரே சியோடா மெட்ரோ பாதையிலேயே போகலாம், அதனால் தூரம் ஒரு காரணமே இல்லை.

மெய்ஜியின் பலம் அதன் காடு. பேரரசர் மெய்ஜிக்கும் பேரரசி ஷோகெனுக்கும் 1920இல் எழுப்பிய கோயில் அது. நாடு முழுவதிலுமிருந்து மக்கள் கொடுத்த சுமார் 1 லட்சம் மரங்களை நட்டு உருவாக்கிய காட்டுக்குள் நடக்கும்போது நகரத்தின் சத்தமே அடங்கிவிடும். ஆனால் கோயில் கட்டடம் 1945 குண்டுவீச்சில் எரிந்துபோய் 1958இல் திரும்பக் கட்டியது. நெசுவில் 1706இல் ஷோகன் (அன்று ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்) சுனயோஷி கட்டிய மண்டபமும் வாசல்களும் நிலநடுக்கம், போர் எல்லாவற்றையும் தாண்டி இன்றும் நிற்கின்றன. அந்த மரத்தூண்களின் பக்கத்தில் நிற்பதற்காகவே போகலாம்.

வழிபாட்டு முறை இரண்டிலும் ஒன்றுதான்: தோரி வாசலில் ஒரு வணக்கம், பாதையின் நடுப்பகுதி தெய்வத்துக்கு என்பதால் ஓரமாக நடை, இடக்கை, வலக்கை, வாய் என்ற வரிசையில் நீரால் சுத்தம், அப்புறம் காணிக்கைப் பெட்டியில் காசு போட்டு இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மனதுக்குள் வேண்டிக்கொண்டு மறுபடி ஒரு முறை குனிய வேண்டும். செருப்பைக் கழற்ற வேண்டாம். இதையெல்லாம் நிதானமாகச் செய்ய நெசுதான் வசதி, ஏனென்றால் அங்கே வேலைக்குப் போகிற வழியில் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிற அக்கம்பக்கத்துக்காரர்களைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். மெய்ஜியில் முன்னால் நிற்பவரும் பெரும்பாலும் நம்மைப் போன்ற சுற்றுலாப் பயணிதான். புத்தாண்டின் முதல் மூன்று நாளில் சுமார் 30 லட்சம் பேர் வருகிற இடம் அது. அப்போது வரிசையில் நகர்வதே பெரும்பாடு.

ஒமிகுஜி என்ற பலன் சொல்லும் சீட்டில் மட்டும் மெய்ஜிக்குத்தான் என் ஓட்டு. மற்ற கோயில்களில் வருவதுபோல நல்லது, கெட்டது என்று பலன் வராது. பேரரசரோ பேரரசியோ எழுதிய கவிதை ஒன்று வரும், ஆங்கிலத்திலும் கிடைக்கும்.

வரிசை வரிசையான தோரிகளுக்குப் பேர்போன கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி கோயிலுக்குப் போக முடியாதவர்களுக்கும் நெசுதான் சரி. வளாகத்துக்குள்ளேயே இருக்கும் ஒட்டோமே இனாரி என்ற சிறு கோயிலுக்குப் போகிற வழியில் சின்னச் சின்னச் சிவப்புத் தோரிகள் வரிசையாக நிற்கின்றன, உயரமானவர்கள் தலையைக் குனிந்துதான் போக வேண்டும். ஏப்ரலில் பக்கத்துச் சரிவில் அசேலியா பூக்கும்போது மட்டும் அங்கே கூட்டம் நெரியும். அந்த நாட்களில் பூ முக்கியமில்லை என்றால் விடிந்ததும் திறக்கும் மெய்ஜிக்கே போய்விடுங்கள்.