குறுகிய சுற்றுலாவில் எங்கே தங்குவது: நண்பர் வீட்டிலா, விடுதியிலா?

மூன்று நாள் விடுப்பில் ஒரு நகரத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவருக்கு அங்கே நண்பர் ஒருவர் இருந்தால், அவர் வீட்டில் தங்குவதா, விடுதியில் அறை எடுப்பதா என்ற கேள்வி பெரும்பாலும் செலவை வைத்தே முடிவாகிவிடுகிறது. வாடகை மிச்சமாவது உண்மைதான். ஆனால் குறுகிய பயணத்தில் பணத்தைவிட அரியது நேரம் என்பதால், நேரக் கணக்கை முதலில் போடுவதே முறை என்று கருதுகிறேன்.

நண்பரின் வீடு புறநகரில் இருந்து, பார்க்க வேண்டிய இடங்களுக்குச் செல்ல ஒரு மணி நேரம் ஆகுமானால், போய்வரவே நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமும் மூன்று நாட்களில் ஆறு மணி நேரமும் கழிந்துவிடும். நகரின் மையத்தில் அறை எடுத்தவரோ நடுப்பகலில் திரும்பிவந்து களைப்பாறி, மாலையில் மறுபடியும் கிளம்பலாம். முதியவர்களோ குழந்தைகளோ உடன் வந்தால் இந்த ஒரு வசதியே மற்ற எல்லாவற்றையும் விஞ்சிவிடும். பொதுவாக விடுதிகளில் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் அறை கிடைக்கும் என்பது ஒரு குறையே. எனினும் அதுவரை பெட்டிகளை வரவேற்பறையில் விட்டுச்செல்லப் பல விடுதிகள் இடம் தருகின்றன.

நண்பர் வழிகாட்டுவார் என்பது அவர் வீட்டுக்குச் சாதகமாகச் சொல்லப்படும் வலுவான காரணம். எந்தப் பேருந்து விரைவில் கொண்டுசேர்க்கும், எந்த நேரத்தில் நெரிசல் குறையும் என்பவற்றில் அவர் சொல்லுக்கு ஈடான கையேடு இல்லை. ஆனால் தம் ஊரின் புகழ்பெற்ற இடங்களை ஆண்டுக்கணக்கில் எட்டியே பாராதவர்கள் எங்கும் உண்டு. ஆகவே விடுமுறை நாள், முன்பதிவு போன்றவற்றை நாமே சரிபார்ப்பது நல்லது. பல அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமை மூடியிருக்க, பாரிசின் லூவர் செவ்வாய்க்கிழமை மூடப்படுகிறது.

வெளிநாட்டுப் பயணமானால் விசாவையும் கருத வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று தேவை. விடுதி முன்பதிவு எளிதில் கிடைத்துவிடும், பிரான்சில் வாழும் நண்பரோ அதற்கான சான்றிதழைத் தம் நகராட்சி அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெற வேண்டியிருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது விருந்தளிப்பவரின் நிலைதான். மறுநாள் வேலைக்குச் செல்ல வேண்டிய நண்பர், நாம் இரவில் எப்போது திரும்புவோம் என்று விழித்திருப்பார்; அவரைக் காக்க வைக்கிறோமே என்ற உறுத்தலில் நாமும் பார்க்க நினைத்ததைப் பாதியில் விட்டுத் திரும்புவோம். இப்படி ஊரையும் முழுமையாகப் பார்க்காமல், நண்பரோடும் நிம்மதியாகப் பேசாமல் நாட்கள் கரைந்துபோவது வருத்தத்திற்குரியது. அவரும் விடுப்பு எடுத்திருந்து, அவரோடு இருப்பதே பயணத்தின் முதல் நோக்கமாக இருக்குமானால், தொலைவையும் பொருட்படுத்தாமல் அவர் வீட்டில் தங்குவதையே நான் தேர்வேன். ஊரைப் பார்ப்பதுதான் நோக்கமென்றால் விடுதியே ஏற்றது. நண்பரை மாலையில் சந்தித்துக்கொள்ளலாம்.

இரண்டும் வேண்டுமென்பவர்கள் முதல் இரவை நகர மையத்து விடுதியில் கழித்து, பார்க்க வேண்டியவற்றைப் பார்த்து முடித்தபின், நண்பருக்கு விடுமுறையாக உள்ள கடைசி நாளுக்கு முந்தைய மாலையில் அவர் வீட்டுக்குப் போவது நல்லது. எந்த நாளில் அவருக்கு வசதிப்படும் என்பதைப் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.