கோடிங்கை விட்டால் ஏசி மெக்கானிக்கா, எலக்ட்ரீஷியனா, வெல்டரா?

ஐடி வேலை ஆட்டம் கண்டுவிட்டது, கைத்தொழிலுக்குப் போய்விடலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்களுக்குப் பிடித்தது புரோகிராம் எழுதுவதா, அதில் உள்ள பிழையைத் துருவிக் கண்டுபிடிப்பதா?

பிழை தேடுவதுதான் என்றால் என் ஓட்டு ஏசி, ஃபிரிட்ஜ் ரிப்பேருக்கு. ஏசியின் உள் காயிலில், அதாவது அறைக்குள் இருக்கும் பெட்டியின் குழாய்ச் சுருளில், பனி படிந்திருக்கிறது என்று வையுங்கள். குளிரூட்டும் கேஸ் குறைந்தாலும் பனி படியும், ஃபில்டரில் அழுக்கு அடைத்துக் காற்று போகாவிட்டாலும் படியும். அவசரக்காரர் கேஸ் ஏற்றிவிட்டுக் கிளம்பிவிடுவார். ஆனால் கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை, மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம், அதைத் தேடி அடைத்து, வேக்கம் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து, அப்புறம்தான் எடை பார்த்து ஏற்ற வேண்டும். புரோகிராம் என்ன செய்தது என்று பதிவாகும் லாக் ஃபைலோடு மல்லுக்கட்டிப் பழகியவருக்கு இது அந்நியமாகவே இருக்காது. குறை என்றால், வெயில் சீசன் முடிந்தால் ஏசி வேலை படுத்துவிடும். ஏசிகளில் வரும் ஆர்-32 என்ற கேஸ் லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது என்பதையும் மறக்கக் கூடாது.

எலக்ட்ரீஷியனுக்கு வருடம் முழுக்க வேலை உண்டு. சரி, ஆனால் ஆரம்பத்தில் பெரும்பாலும் சுவரை வெட்டிப் பைப் புதைப்பதும் வயர் இழுப்பதும்தான். எனக்கு இதில் பெரிய மரியாதை வருவது வேறொரு விஷயத்தால். பிரேக்கரை அணைத்துப் பூட்டிய பிறகும் நல்ல எலக்ட்ரீஷியன் உடனே கை வைக்க மாட்டார். கரண்ட் இருப்பது உறுதியான இடத்தில் டெஸ்டரை வைத்துப் பார்ப்பார், பிறகு வேலை செய்யப்போகும் வயரில், பிறகு மறுபடி முதல் இடத்தில். நடுவில் டெஸ்டரே பழுதாகியிருந்தால் என்ன செய்வது என்ற பயம்தான், நியாயமான பயம்.

வெல்டிங்கில் பழைய அனுபவம் அவ்வளவாகக் கைகொடுக்காது. உருகி நிற்கும் இரும்பைக் கண்ணால் பார்த்தே கையை நகர்த்த வேண்டும், பழகப் பழகத்தான் வரும். துத்தநாகம் பூசிய இரும்பில் வெல்டிங் போட்டு அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும்.

எதை எடுத்தாலும் கற்கும் வருடங்களில் சம்பளம் நன்றாகவே குறையும், முழங்காலும் இடுப்பும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் ராஜினாமா கொடுக்கும் முன் நாலைந்து சனிக்கிழமை ஒரு மெக்கானிக் கூட எடுபிடியாகப் போய்வாருங்கள். ஏணியில் நின்று தலைக்கு மேல் ஸ்க்ரூ முடுக்கும்போது தோள்பட்டை எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.