தினமும் மாத்திரையா, மாதம் ஒரு ஊசியா: ஓராண்டு தாண்டியவர்கள் சொல்வது

வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிப் பழகிய பிள்ளைக்கு டாக்டர் புப்ரெனார்ஃபின் எழுதிக் கொடுத்ததும், வீட்டில் எழும் முதல் கேள்வி "ஒரு போதையை விட இன்னொரு போதையா?" என்பதுதான். தருமபுரியானாலும் ஓசூரானாலும் கேள்வி மாறுவதில்லை. அபின் வகை மருந்துகள் மூளையில் போய் உட்காரும் அதே இடத்தில் புப்ரெனார்ஃபினும் உட்காருகிறது. ஆனால் முழு வேகத்தில் வேலை செய்யாது. ஓர் அளவுக்கு மேல் ஏற்றினாலும் கிறக்கம் அதிகமாகாது. தான் உட்கார்ந்த இடத்தில் மற்றதை எளிதில் உட்கார விடாது. போதை நின்றால் வரும் கை கால் உடைச்சல், கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு எல்லாம் அடங்கும். மனிதர் வேலைக்குப் போவார்.

நம்மூரில் இன்றைக்குப் பெரும்பாலும் கிடைப்பது நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை, 0.4 மில்லிகிராம், 2 மில்லிகிராம் என வருகிறது. மருந்து நல்ல மருந்துதான். அதைத் தினமும் எடுப்பதில்தான் சிக்கல். முழுதாகக் கரையும்வரை 5 முதல் 10 நிமிடம் பேசக்கூடாது, எச்சிலை விழுங்கக்கூடாது. விழுங்கினால் பெரும்பகுதி வீண். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் மாறும் நேரத்தில், நான்கு பேர் தங்கும் அறையில், யார் கண்ணிலும் படாமல் இதைச் செய்ய வேண்டும். திங்கள் விடியற்காலை பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் சனி இரவு திரும்புபவருக்கு, மருந்து தரும் இடத்துக்குத் தினமும் வா என்றால் கூலி போகும். மாங்கூழ் ஆலைகளில் சீசன் நடக்கும்போது அரை நாள் லீவு கேட்க முடியாது. இப்படி விட்டுப்போகும் நாட்களில்தான் பழைய பழக்கம் திரும்புகிறது.

அதே மருந்தை ஊசியாக்கியது இந்தச் சிக்கலுக்காகத்தான். அமெரிக்காவில் 2017-இல் அனுமதி பெற்ற சப்லோகேட், பெரும்பாலும் வயிற்றுத் தோலுக்கு அடியில் மாதம் ஒருமுறை போடுவது: முதல் இரண்டு ஊசி 300 மில்லிகிராம், பிறகு பெரும்பாலும் 100. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் புவிடால் என்ற இன்னொன்று, வாரத்துக்கு 8 முதல் 32 வரை, மாதத்துக்கு 64 முதல் 160 வரை எனப் பல அளவுகளில் இருக்கிறது. அமெரிக்காவில் அதுவே 2023 முதல் பிரிக்சாடி என்ற பெயரில் வருகிறது. சப்லோகேட்டை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், புவிடாலுக்கு அது தேவையில்லை. மே மாத வெயிலும் கரண்ட் கட்டும் உள்ள ஊருக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல.

ஓராண்டுக்கு மேல் போட்டுக்கொண்டவர்கள் அந்த நாடுகளில் சொன்னவற்றில், எல்லோரும் முதலில் சொல்வது எரிச்சல். சப்லோகேட் 300 என்றால் ஒன்றரை மில்லி, கெட்டியான திரவம், ஊசியும் பருமன். சில நிமிடம் சுருக்கென்று எரியும். ஊசிக்கு முன்னால் அந்த இடத்தில் ஐஸ் வைத்தால் குறைகிறது. புவிடால் அளவும் ஊசியும் சிறியவை, வலியும் குறைவு என்கிறார்கள். உள்ளே போன சப்லோகேட், உடம்பு நீரைத் தொட்டதும் கட்டியாகிறது. புளியங்கொட்டை போல விரலுக்குத் தட்டுப்படும். பல வாரங்களில் கரையும். அதைத் தேய்க்கவோ அமுக்கவோ கூடாது. பெல்ட், லுங்கி முடிச்சு, பாவாடை நாடா அதன்மேல் அழுந்தக் கூடாது. ஒவ்வொரு மாதமும் இடம் மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

அது கட்டியாகிற அதே காரணத்தால்தான் ஒருபோதும் நரம்பில் ஏற்றக் கூடாது. ரத்தக் குழாய்க்குள் கட்டியானால் நுரையீரலை அடைத்து உயிரையே எடுக்கும். அதனால்தான் இதை நோயாளி கையில் தருவதில்லை, பயிற்சி பெற்றவர்தான் போட வேண்டும். தெரிந்த கம்பவுண்டரிடம் கொடுத்துப் போட்டுக்கொள்ளும் ஊசி அல்ல இது.

அதிகம் பேர் தடுமாறுவது முதல் இரண்டு மாதத்தில். உடம்பில் மருந்து சேர்ந்து ஒரே மட்டத்துக்கு வரச் சில மாதங்கள் ஆகும். அதனால் முதல், இரண்டாம் ஊசிகளின் கடைசி வாரத்தில் இரவில் வியர்வை, தூக்கமின்மை, பழைய ஏக்கம் எட்டிப் பார்க்கும். "ஊசி எனக்கு வேலை செய்யவில்லை" என்று பலர் விட்டுவிடுவது அப்போதுதான். அந்த நாட்களுக்கு மட்டும் கூடச் சில நாக்கடி மாத்திரை எழுதித் தருவது வழக்கம். மூன்று, நான்கு ஊசி தாண்டியவர்கள் மாதக் கடைசியைத் தனியாக உணர்வதில்லை என்கிறார்கள். இந்த ஒரு தகவலை முன்பே சொல்லிவிட்டால் பாதிப் பேரைக் காப்பாற்றலாம் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

நீண்ட காலம் தாண்டியவர்கள் பாராட்டுவது வேறு விஷயத்தை. காலையில் எழுந்ததும் "இன்னைக்கு மாத்திரை போடலாமா, ஒருநாள் விட்டுவிட்டுப் பழைய சரக்கைப் போடலாமா" என்ற பேரம் மனசுக்குள் நடப்பதில்லை. மாத்திரையைத் திருடவோ விற்கவோ கேட்கவோ ஆளில்லை. ஆனால் மருந்து தேடி, காசு புரட்டி, பயந்து ஓடிய நேரமெல்லாம் காலியாகிவிடுகிறது. அமுங்கிக் கிடந்த துக்கமும் கோபமும் மேலே வருகின்றன. தினமும் முகம் பார்த்து நாலு வார்த்தை பேசிய நர்ஸையும் இப்போது மாதம் ஒருமுறைதான் பார்க்க முடியும். தனியாக இருப்பவருக்கு இது பெரிய இழப்பு. ஊசி போட்ட கையோடு கவுன்சலிங் தேதியையும் குறித்து வாங்குங்கள்.

இன்னொன்று, உள்ளே போன ஊசியை எளிதில் வெளியே எடுக்க முடியாது என்ற பயம். நியாயமான பயம். அதனால் முதலில் சில நாள் மாத்திரையில் நிற்கவைத்து, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்த பிறகு போடுவதே நல்லது. வீட்டார் கட்டாயப்படுத்தி ஊசி போடவைப்பது கூடவே கூடாது. அப்படி வந்தவர் அடுத்த மாதம் வரமாட்டார்.

மாத்திரையோ ஊசியோ, தொடங்கும் நேரம் முக்கியம். பழைய சரக்கு உடம்பில் முழுதாக இருக்கும்போதே புப்ரெனார்ஃபின் கொடுத்தால், அது மற்றதைத் தள்ளிவிட்டு உட்காரும். ஒரு மணி நேரத்துக்குள் கடும் உடைச்சல் பிடித்துக்கொள்ளும். கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல் தெளிவாக வரும்வரை காத்திருக்க வேண்டும். கடைசியாக எடுத்தது எது, எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

நால்ட்ரெக்சோன் மாத ஊசி வேறு வகை. 380 மில்லிகிராம், பிட்டத்துச் சதையில். இது போதை ஏறவிடாமல் தடுக்கும், உடைச்சலைத் தணிக்காது. ஊசிக்கு முன்பு 7 முதல் 10 நாள் அபின் வகை எதுவும் எடுக்காமல் இருந்தே ஆகவேண்டும். அந்தப் பத்து நாள்தான் மலை. 2018-இல் வெளியான 570 பேர் கொண்ட அமெரிக்க ஆய்வில், நாக்கடி புப்ரெனார்ஃபின் தொடங்க முடியாதவர்கள் 6 சதவீதம், நால்ட்ரெக்சோன் தொடங்க முடியாதவர்கள் 28. தொடங்கிவிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே உதவின. ஆனால் நால்ட்ரெக்சோனை நிறுத்திவிட்டுப் பழைய அளவை ஏற்றினால், உடம்பு அதைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருக்கும்; மூச்சு நின்றுபோகும்.

எந்த ஊசியானாலும் மருந்தின் பெயர், அளவு, கடைசித் தேதி எழுதிய அட்டையை லைசென்ஸோடு வைத்துக்கொள்ளுங்கள். தொப்பூர் கணவாயில் விபத்தாகி எலும்பு முறிந்தால், வழக்கமான அபின் வகை வலி ஊசி சரியாக வேலை செய்யாது. டாக்டருக்குக் காரணம் தெரிய வேண்டும். புப்ரெனார்ஃபினோடு சாராயமோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சு அடங்கும். மலச்சிக்கல் வரும், கேழ்வரகுக் களி, கீரை, தண்ணீரில் பலருக்குச் சரியாகும். ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை அவ்வப்போது தேவை. மாத்திரையில் இருப்பவர்கள் அது கரைந்ததும் வாய் கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்தே பல் துலக்க வேண்டும். பல் சொத்தைக்கு 2022-இல் எச்சரிக்கை வந்திருக்கிறது.

சப்லோகேட் தேதி தப்பினால் பதற வேண்டாம். பல மாதம் போட்டவருக்கு இரண்டு வாரம்வரை தாமதம் பொதுவாகத் தாங்கும். சீக்கிரம் போய்ப் போட்டுக்கொண்டால் போதும். அடுத்ததற்கு 26 நாளாவது இடைவெளி வேண்டும். முழுதாக நிறுத்தினாலும் மாதக்கணக்கில் மெல்ல இறங்கும், ஓராண்டு கழித்தும் ரத்தத்தில் தெரியலாம். மாத்திரையைத் திடீரென நிறுத்துவதுபோல் உடைச்சல் பாய்ந்து வராது. ஆனால் நாலாம், ஐந்தாம் மாதத்தில் தூக்கம் கெட்டு, எரிச்சல் கூடினால், அதை வேலைச் சுமை என்று தள்ளிவிடாமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அது இருக்கிறது. போகமுடியாத இரவில் 14416 (மனநல உதவி) அல்லது 14446 (போதை மீட்பு உதவி) எண்ணுக்கு அழைக்கலாம்.