முதுகுப்பையில் தொங்கும் வார்: வெட்டுவதா, வெல்க்ரோவா, எலாஸ்டிக் வளையமா?

புதிதாக ஒரு 50 லிட்டர் ட்ரெக்கிங் பை வாங்கி, வார்களை எல்லாம் உடம்புக்கு ஏற்றபடி இழுத்து மாட்டிப் பாருங்கள். இடுப்பில் இரண்டு பக்கமும் ஒரு சாணுக்கு மேல் தொங்கும். தோள் வார்களிலும் கிட்டத்தட்ட அதே அளவு. தயாரித்தவர்கள் மேல் தப்பில்லை. ஒல்லியான இடுப்புக்கும் பருத்த இடுப்புக்கும் அதே பைதான். சட்டைக்கு மேல் மாட்டுகிறவருக்கும் கனமான ஜாக்கெட்டுக்கு மேல் மாட்டுகிறவருக்கும் அதே வார்தான். பை உப்பியிருக்கும்போது பக்கவாட்டு வார்களுக்கும் அந்த நீளம் தேவைப்படும்.

தொங்கினால் தொங்கட்டுமே என்று விடலாமா? ஆபீசுக்கு மட்டும் போய்வரும் பை என்றால் விடலாம். பைக்கின் பின்சீட்டில் பையைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் விடக்கூடாது. பின்சக்கரத்தில் துணி சிக்காமல் இருக்க சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி சொல்கிறது. நாம் சாரி கார்டு என்பது அதைத்தான். பெரும்பாலான வண்டிகளில் அது இடது பக்கம் மட்டும்தான் இருக்கிறது. இடுப்பு வார் வலது பக்கம் தொங்கினால் ஸ்போக்குக்குள் நுழைய அதற்கு வழி உண்டு. விமானப் பயணத்திலும் கன்வேயரில் சிக்கும் என்பதால் தொங்கும் வார்களைக் கட்டிவிட்டுத்தான் பையைப் போடச் சொல்வார்கள்.

சரி, என்னென்ன வழிகள்? ரப்பர் பேண்டையும் இன்சுலேஷன் டேப்பையும் பட்டியலிலேயே சேர்க்க வேண்டாம். நம் ஊர் வெயிலில் ரப்பர் பேண்டு இளகி அறுந்துவிடும். டேப்பின் பசை வழிந்து வாரெல்லாம் பிசுபிசுக்கும். மிச்சமிருப்பவை நான்கு: வெட்டிவிடுவது, சைக்கிள் டியூபில் வளையம் வெட்டிப் போடுவது, வெல்க்ரோவால் சுற்றுவது, எலாஸ்டிக் வளையம் தைத்துப் போடுவது. என் பையில் இப்போது இருப்பது எலாஸ்டிக். அதனால் அதன் பக்கம்தான் சாய்ந்து எழுதுகிறேன்.

வெட்டுவது பார்க்க எளிது. கத்தரித்த நுனியை மெழுகுவத்தித் தீயில் காட்டினால் உருகி அடைத்துக்கொள்ளும், நூல் பிரியாது. நைலான் வகையைப் பொறுத்து 220 முதல் 260 டிகிரி செல்சியஸில் உருகும். விலை குறைந்த பைகளில் வரும் பாலிப்ரொப்பிலீன் நாடாவுக்கு 165 டிகிரியே போதும், ஆகவே அதைத் தீயிலிருந்து சற்றுத் தள்ளியே பிடிக்க வேண்டும். எனக்கு இதில் இரண்டு ஆட்சேபங்கள். வாரின் நுனியை மடித்துத் தைத்திருப்பது அழகுக்காக இல்லை. பக்கிளிலிருந்து வார் முழுவதும் உருவிக்கொண்டு போகாமல் தடுப்பது அந்தத் தடிப்புதான். வெட்டினால் அதுவும் போய்விடும், மறுபடி மடித்துத் தைக்க வேண்டும். இன்னொன்று, வெட்டியதை ஒட்ட முடியாது. குளிரூருக்கு ஜாக்கெட்டோடு போகும்போதோ, பருமனான நண்பர் இரவல் கேட்கும்போதோ, பையை விற்கும்போதோ அந்த ஒரு சாண் இல்லாமல் திண்டாட்டம்தான்.

சைக்கிள் டியூப் வளையத்தை எனக்குப் பிடிக்கும். பஞ்சர் கடையில் பழைய டியூப் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டினால் ஒரு டியூபிலேயே ஊருக்கெல்லாம் வளையம் கிடைக்கும். பியூட்டைல் டியூப் என்றால் சாதாரண ரப்பரைவிட வெயிலையும் காற்றையும் நன்றாகத் தாங்கும். ஆனால் அது வாரை உடும்புப் பிடியாகப் பிடிக்கும். அசையவே அசையாத வாருக்கு அது போதும். அடிக்கடி இழுக்கும் வாருக்கு ஒத்துவராது.

இந்த ஒப்பீட்டில் நான் பார்ப்பது இதை மட்டும்தான்: வாரை இழுக்கும்போதும் தளர்த்தும்போதும் நாம் செய்து வைத்த ஏற்பாடு குலையாமல் இருக்கிறதா?

கனமான பையைத் தூக்கி நடந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். முதலில் தோள் வார்களைத் தளர்த்தி மாட்டுவோம், இடுப்புப் பட்டையை இறுக்குவோம், அப்புறம் தோள் வார்களை இழுப்போம். அதோடு முடிவதில்லை. குமார பர்வதம் மாதிரி விடாத ஏற்றத்தில் தோள் வலிக்கும்போது எடையை இடுப்புக்கு மாற்றுவோம், இடுப்பு கடுக்கும்போது தோளுக்கு மாற்றுவோம். சாப்பிட்டு எழுந்தால் பட்டையைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். ஒவ்வொரு முறையும் நின்று, சுருளைப் பிரித்து, இழுத்து, மறுபடி சுருட்ட வேண்டுமென்றால் யாருக்கும் பொறுமை இருக்காது. ஒன்று, இறுக்காமலே வலியோடு நடப்போம்; இல்லாவிட்டால் சுருட்டாமலே விடுவோம்.

வெல்க்ரோ தோற்பது இங்கேதான். ஒரு பக்கம் கொக்கி, மறுபக்கம் கண்ணி என்று இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டிய பட்டை, கேபிள் கட்டுவதற்காகக் கம்ப்யூட்டர் கடைகளில் சுருளாகக் கிடைக்கிறது. வாரின் மிச்சத்தைப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, மேலே இதைச் சுற்றினால் வேலை முடிந்தது. தையல் வேண்டாம், வாரைப் பக்கிளிலிருந்து கழற்ற வேண்டாம், எவ்வளவு நீளம் மிஞ்சினாலும் அடக்கும். இந்த வசதிகளை மறுக்கவே முடியாது. ஆனால் சுருள் இடுப்பில் உருண்டையாக நின்று உறுத்தும். இழுக்க வேண்டுமென்றால் முழுவதும் பிரித்தாக வேண்டும். கொக்கிப் பக்கத்தின் ஓரம் கொஞ்சம் வெளியே தெரிந்தாலும் போதும், டிரைஃபிட் பனியனில் உரசி நூலை இழுத்துவிடும்.

பராமரிப்பு வேறு. ஜார்ஜ் த மெஸ்ட்ரால் என்ற ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் தன் உடையிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டிய முள் காய்களைப் பார்த்து யோசித்து, 1955-இல் காப்புரிமை பெற்ற பொருள் வெல்க்ரோ. ஒட்டும் காயிடம் கற்ற பொருளில் ஒட்டும் காய் மாட்டாமல் இருக்குமா? மழை ஓய்ந்த பிறகு மேற்குத் தொடர்ச்சி மலைப் புல்வெளிகளில் நடந்தால் ஒட்டுப்புல்லும் நாயுருவி விதையும் கொக்கிகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய பல்துலக்கியும் குண்டூசியும் வைத்துக் கிளறி எடுக்கலாம். எடுக்காவிட்டால் பிடிப்பு போய்விடும்.

எலாஸ்டிக் வளையம் வேலை செய்யும் விதம் வேறு. பக்கிளைத் தாண்டி வரும் மிச்ச வாரையும், அதற்கு அடியில் ஓடும் இறுகிய வாரையும் சேர்த்து ஒரே வளையத்துக்குள் விடுகிறோம். இரண்டும் படிந்து கிடக்கும். நுனியைப் பிடித்து இழுத்தால் மிச்ச வார் வளையத்துக்குள்ளேயே வழுக்கி நகரும், கையை விட்டால் அங்கேயே நிற்கும். பிரிக்கவும் வேண்டாம், மறுபடி மாட்டவும் வேண்டாம், நடந்துகொண்டே செய்யலாம். நுனியில் மடித்துத் தைத்த தடிப்பு இங்கேயும் உதவுகிறது. வளையத்தைவிட்டு எளிதில் வெளியே வராது.

செய்முறையில் அளவுதான் முக்கியம். பெரிய பைகளின் இடுப்பு வார் பெரும்பாலும் 25 மில்லிமீட்டர் அகலம். அதற்கு 2 செ.மீ. அகல எலாஸ்டிக்கை 6.5 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, 1.5 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்தால் 5 செ.மீ. சுற்றளவுள்ள வளையம் கிடைக்கும். இரண்டு அடுக்கு வாரின் சுற்றளவு அதைவிடச் சற்று அதிகம் என்பதால் அளவாகப் பிடிக்கும். இன்னும் சிறிதாகத் தைத்தால் வார் வழுக்காது, டியூப் வளையம் மாதிரி ஆகிவிடும். எலாஸ்டிக் வாங்கும்போது இழுத்துப் பாருங்கள்: பின்னல் வகை இழுத்தால் அகலம் குறுகும், நெய்த வகை குறுகாது. நெய்ததுதான் வேண்டும். பாரிமுனைப் பக்கம் தையல் சாமான் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. அந்தந்த ஊர் ஃபேன்சி ஸ்டோரிலும் இருக்கும். எங்கள் தெருத் தையல்கார அண்ணனிடம் கொடுத்தபோது, "நேர்த்தையல் போட்டா இழுக்கும்போது நூல் அறுந்துரும் தம்பி, ஜிக்ஜாக் போடுறேன்" என்றார். போட்ட தையல் இன்றுவரை விடவில்லை.

மாட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. வளையம் அடி வாரில் ஏற வேண்டுமானால் வாரைப் பக்கிளிலிருந்து முழுவதும் உருவ வேண்டும். நுனித் தடிப்பு வெளியே வராத பைகளில் இது நடக்காது. அப்படியானால் எலாஸ்டிக்கை வாரைச் சுற்றி வைத்து, அந்த இடத்திலேயே கையால் தைத்துவிடலாம். மிச்சம் ஒரு சாணுக்கு மேல் இருந்தால் இரண்டு வளையங்கள் வேண்டும். எதைப் போட்டாலும் பக்கிளின் இரண்டு காதுகளை மூடக்கூடாது. ஓடையைக் கடக்கும்போது இடுப்பு, மார்புக் கிளிப்புகளைக் கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும். தவறி விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடிய வேண்டும்.

எலாஸ்டிக்கும் நிரந்தரமில்லை. வியர்வையும் வெயிலும் பட்டுப் பட்டுத் தொய்ந்துவிடும். தொய்ந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டவேண்டியதுதான். செலவு சில ரூபாய். கூடுதலாக இரண்டு தைத்துப் பையின் மேல் ஜிப்பில் போட்டு வைத்திருக்கிறேன்.

வெல்க்ரோவை நான் மொத்தமாக ஒதுக்கவில்லை. பக்கவாட்டு வார்களைக் காலையில் ஒருமுறை இறுக்கினால் மாலை வரை தொடுவதில்லை, அவற்றில் வெல்க்ரோ சுருள்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் கிளிப் வகைகளை நண்பரின் பையில் மட்டும் கையாண்டிருக்கிறேன். பிடிப்பு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பையைத் தரையில் போட்டு அதன்மேல் சாய்ந்து உட்காரும் என் பழக்கத்தை அவை எவ்வளவு நாள் தாங்கும் என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். ஆபீஸ் பைகளில் வரும் 15 மில்லிமீட்டர் மெல்லிய வார்களுக்கு 1 செ.மீ. எலாஸ்டிக்கில் முயன்றேன், வழுவழுப்பான நாடா என்பதால் பிடிப்பு சுமார்தான். அந்த மாதிரிப் பைக்கு டியூப் வளையமே போதும், அந்த வார்களை யாரும் தினமும் இழுப்பதில்லை.