நேர ஆய்வா, அசைவு ஆய்வா?

வேலையை விரைவாக முடிக்கும் வழி தேடிய அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர் அதை நிறுத்துக்கடிகாரத்தோடு பார்த்தார்; அது நேர ஆய்வு. ஃபிராங்க், லில்லியன் கில்பிரெத் தம்பதியர் படக்கேமராவோடு பார்த்தார்கள்; அது அசைவு ஆய்வு.

நேர ஆய்வில் வேலையைச் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்து, ஆளின் வேகத்தை மதிப்பிட்டு, ஓய்வுக்கும் கொஞ்சம் கூட்டுவார்கள். அளந்தது 0.50 நிமிடம், வேகம் 110% (இயல்பான வேகம் 100%), ஓய்வுக்கு 10% என்றால் அதற்கு ஒதுக்கும் நிலையான நேரம் 0.605 நிமிடம். கோளாறு அந்த 110-இல்தான். அது வெறும் கண்மதிப்பு. இன்னொருவர் 95 என்பார். கூலி இதைப் பொறுத்தது என்பதால் கடிகாரத்தைக் கண்டதும் கை தானாக மெதுவாகும். 1911-இல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் ஆயுதச்சாலையில் வார்ப்புத் தொழிலாளர்கள் இதை எதிர்த்து வேலைநிறுத்தமே செய்தார்கள்.

அசைவு ஆய்வு கேட்பது வேறு: இந்த அசைவே தேவையா? செங்கல் கட்டுவதில் ஃபிராங்க் 18 அசைவுகளை 5 ஆகக் குறைத்தார். சுவர் ஏற ஏற உயர்த்தக்கூடிய சாரம், நல்ல முகம் பார்த்து முன்பே அடுக்கிய கல், கரண்டியால் தட்டாமல் கையால் அழுத்தினாலே படியும் பதத்தில் கலவை; கொத்தனார் குனியவே வேண்டாம். ஆனால் படம்பிடித்து அலசச் செலவு அதிகம். அடிக்கடி திரும்ப வராத வேலைக்குக் கட்டுப்படியாகாது.

இரண்டும் செய்வதென்றால் அசைவுதான் முதலில். மாற்றிச் செய்தால் வீண் குனிவுக்கும் நேரம் ஒதுக்கி, அதையே விதியாக்கிவிடுவோம்.